ஒலிபரப்பாகாத அரை மணி நேரம்

எங்கள் வட்டார மீடியம் வேவ் வானொலி நிலையத்தில் பதினோரு வருடம் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தேன். நான் சேர்ந்த புதிதில் காலையில் விவசாயிகளுக்கான பேச்சு, மத்தியானம் பெண்களுக்கு ஒரு மணி நேரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களுக்கு அரை மணி நேரம் என்று எல்லாமே உள்ளூர்க் குரல்கள். பிறகு மேலிடத்து உத்தரவுகள் வர ஆரம்பித்தன. முதலில் விவசாயப் பேச்சு பாதியானது. அடுத்து, மத்தியான நேரத்தைச் சென்னை நிகழ்ச்சி எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் மட்டும் என் பொறுப்பில் மிஞ்சியது.

அதற்காகத்தான் சாத்தூரிலிருந்து பஸ் ஏறி நாரணாபுரம் போனேன். பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டும் ஒரு அக்காவைப் பேசவைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன்.

“நான் பேசுறத யாரு கேக்கப் போறா? நீங்களும் வேல மெனக்கெட்டு வந்துக்கிட்டு இருக்கீக” என்று சிரித்தே அனுப்பிவிடுவார்.

மூன்றாவது வாரம் பேசினார். அலுமினியத் தூள் உடம்பில் வெள்ளியாக ஒட்டிக்கொள்வதை, எவ்வளவு சோப்புப் போட்டாலும் காலையில் தலையணை மினுமினுப்பதை, கம்பெனி வேனில் போகும்போது எல்லோரும் கல்யாணப் பேச்சும் சீரியல் கதையுமாகப் பேசி, விபத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்காததை. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். மற்றதெல்லாம் அவராகச் சொன்னது.

“வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வரும்க்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு சினிமாப் பாட்டு வந்தது. ஏழு மணி வரை பாட்டுதான். நிலையத்துக்குப் போன் செய்தால், அன்றைக்குத்தான் புது நிகழ்ச்சி முறை தொடங்கியிருக்கிறதாம். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார்களாம்.

மறுநாள் அதிகாரியிடம் போய் நின்றேன். “பேச்சையெல்லாம் இப்ப யாரும்மா கேக்குறா? ரெண்டு பாட்டுக்கு நடுவுல ஒரு நிமிஷம் வேணா போடலாம். வெட்டிக் குடுங்க” என்றார்.

சண்டை போட்டிருக்க வேண்டும். உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தேன். அந்த ஒரு நிமிடத்தையும் அவர்கள் போடவில்லை.

நாரணாபுரத்துக்கு மறுபடி போனபோது அக்கா வாசலிலேயே நின்றார். தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாராம். அன்றைக்கு ஆறேழு பெண்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்களாம்.

“நான் பேசுனது நல்லா இல்லையோன்னு நெனச்சேன்” என்றார்.

“நல்லாப் பேசுனீக. அங்கன ஆபீஸ்லதான் நிகழ்ச்சிய மாத்திட்டாக.”

“பெறகு எதுக்கு எங்கிட்ட மூணு வாரம் வந்தீக?”

முழுப் பதிவையும் என் செல்போனில் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டார். “அடுப்புல ஒல கொதிக்குது” என்று உள்ளே போனவர் திரும்பி வரவில்லை.

அதன்பின் நான் பாட்டுப் பட்டியல்தான் வாசித்தேன். ஒருநாள் மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். “ரெண்டு நாளா கொர்ருனு சத்தம் மட்டுந்தான் வருது, ஏம்மா?” மீடியம் வேவ் ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள் என்பது நான் விசாரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. இனிமேல் செல்போன் ஆப்பில் கேட்கச் சொல்லுங்கள் என்றார்கள். அப்படியே சொன்னேன்.

“எங்கிட்ட இருக்கது பட்டன் போனு. அப்ப எங்களுக்கு இல்லேன்னு சொல்லுங்க” என்று வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் நான் வேலைக்குப் போகவில்லை. நிலையத்திலிருந்து யாரும் ஏன் என்று கேட்கவில்லை.