மூன்றாம் மாடியில் எட்டு நாள்

எந்த நாட்கள் திரும்பி வந்தால் நன்றாயிருக்கும் என்று கேட்டால், பள்ளிக்கூட நாள், கல்யாணமான புதிது, பிள்ளை பிறந்த வருஷம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பிரேக் அக்காவைக் கேட்டால் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த எட்டு நாளைச் சொல்வார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டார்.

தொழிலால் வந்த பெயர் அது. இருபத்தாறு வருஷம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். புதிதாக வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "பயப்படாம ஓட்டுங்க, உங்க உயிர் என் கால்ல இருக்கு" என்பார். நடுங்கிக்கொண்டு வந்தவர்கள் அதைக் கேட்டதும் இன்னும் கொஞ்சம் நடுங்குவார்கள். கூரை ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் பழைய எண்ணெய் டின்களை வரிசையாக வைத்து, அவற்றைச் சுற்றி ஓட்டச் சொல்வார். வலது பக்கம் திரும்பச் சொன்னால் இடது பக்கம் சிக்னல் போடுகிற பல் டாக்டர் ஒருவர் இருந்தார். "பல்லப் பிடுங்கும்போதாவது பக்கத்தைச் சரியா பாத்துக்கோங்க டாக்டர்" என்று அக்கா சொன்னதை அந்த டாக்டரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அக்காவின் முப்பத்தெட்டாவது வயதில் ஒரு விபத்து நடந்தது. தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு பெண் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். ரவுண்டானாவில் எதிரே லாரி வந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். அக்கா பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த வேன் வந்து இடித்தது. அந்தப் பெண்ணுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, அவ்வளவுதான். ஆனால் லாரியின் ஹாரன் மட்டும் அக்காவின் காதை விட்டுப் போகவில்லை. கண்ணை மூடினால் ஒலிக்கும். மூன்று வாரம் தூங்கவேயில்லை. தெருமுனை டாக்டர் சீட்டு எழுதினார். சின்ன நீல மாத்திரை, இரண்டு வாரத்துக்கு.

அன்றைக்குத் தூங்கின தூக்கத்தை அக்கா பிறகும் வெகுகாலம் புகழ்ந்துகொண்டிருந்தார். இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று. அந்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் எழுதின சீட்டு மட்டும் மருந்துக்கடையில் செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது. ஒன்று இரண்டாயிற்று, காலையிலும் ஒரு பாதி சேர்ந்துகொண்டது. மாத்திரை அட்டை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும். அப்படியே ஒன்பது வருஷம் ஓடியது.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தள்ளாடவில்லை, உளறவில்லை. உள்ளுக்குள் மட்டும் எல்லாம் பஞ்சில் சுற்றி வைத்த மாதிரி இருந்தது. மகள் கோபித்துக் கத்தினாலும் புன்னகை, பரிசு வாங்கி வந்தாலும் அதே புன்னகை. கணவர் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். மனைவிக்கு வயதாகிறது, நிதானம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் காலை சைக்கிளில் வந்த பாட்டு வாத்தியார் ஒருவர் காருக்குக் குறுக்கே வந்துவிட்டார். "அக்கா, பிரேக்! பிரேக்!" என்று ஓட்டப் பழகியவன் கத்தினான். அது அக்காவின் காதில் விழுந்தது. கால் எழுந்தது. ஆனால் யாரோ ஒருவருடைய கால் மாதிரி மெல்ல எழுந்தது. சைக்கிளின் முன்சக்கரம் எட்டு போல வளைந்துவிட்டது. வாத்தியார் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நீங்க ஏன் இப்படி வெளுத்துப் போயிட்டீங்க?" என்று கேட்டார்.

அக்கா நேரே முதலாளியிடம் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தார். "இனிமே நான் பக்கத்துல உக்காந்தா ஆபத்து" என்றார். வீட்டுக்கு வந்து அத்தனை மாத்திரையையும் கழிவறையில் கொட்டித் தண்ணீரை ஊற்றினார். வைராக்கியக்காரி என்று தன்னையே கொஞ்சம் மெச்சிக்கொண்டார்.

மூன்றாம் நாள் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தார். கல்லூரியிலிருந்து வந்த மகள்தான் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். வயது முப்பதுகூட இருக்காது போலிருந்தது.

"இந்த மாத்திரையத் திடீர்னு நிறுத்தக் கூடாதும்மா. உயிருக்கே ஆபத்து. யாரும் சொல்லலையா?"

"ஆரம்பிக்கும்போதே யாரும் ஒண்ணும் சொல்லல டாக்டர்."

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, பெரும்பாலானவர்களுக்கு அதுதான். இன்னொன்று, ஆஸ்பத்திரியிலேயே எட்டு நாள் தங்கி வேகமாக விடுவிப்பது. வயிற்றுத் தோலுக்கடியில் மெல்லிய ஊசி, அதில் ஒரு சின்ன பம்பு. வேறொரு மருந்து இடைவிடாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். வலிப்பு வராமலிருக்கத் தனி மருந்து. இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் பார்த்துக்கொள்வார்.

"எல்லாருக்கும் இது ஒத்து வராது. இதயம், ஈரல் எல்லாம் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். எட்டு நாள்ல மாயம் மாதிரி சரியாயிடும்னும் நினைக்காதீங்க."

"மாசக்கணக்குன்னா நான் என்னையே ஏமாத்திடுவேன் டாக்டர். எட்டு நாளே போடுங்க."

முதலில் பழைய மாத்திரையையே அளவாகக் கொடுத்து உடம்பை நிலைக்குக் கொண்டுவந்தார்கள். சோதனையெல்லாம் முடிந்ததும், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றார்கள். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, மகளுக்குப் பரீட்சை. வந்து நின்றது நாத்தனார்.

கணவரின் மூத்த சகோதரி. பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வருஷம் எந்த வகுப்பில் யார் எத்தனை நாள் வரவில்லை என்று எப்போது கேட்டாலும் சொல்வார். நாக்கு கத்தி. "அவ கார மட்டுமா ஓட்டுறா, என் தம்பியையும் சேத்துத்தான் ஓட்டுறா" என்று கல்யாணமான புதிதில் சொன்னது இவர்தான். கடைசி சில வருஷங்களாக இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. ஒரு ஃபிளாஸ்க், ஒரு கம்பளிப் போர்வை, பின்னல் ஊசிகளோடு ஒரு பை. மூன்றாம் மாடி அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் இரண்டு நாள் அக்காவுக்குத் தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. நாத்தனார் தன் போர்வையை எடுத்து ஜன்னலில் மாட்டினார். கட்டில் படகு மாதிரி ஆடியது. ஸ்பூன் கீழே விழுந்த சத்தத்துக்கு அக்கா காதைப் பொத்திக்கொண்டு அழுதார். மூன்றாம் நாள் கத்திவிட்டார்.

"போங்க அண்ணி! நீங்க என்னைப் பாத்துக்க வரல, வேடிக்கை பாக்க வந்திருக்கீங்க!"

நாத்தனார் பின்னலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேடிக்கை பாக்கணும்னா ஊர்ல இதவிட நல்ல இடம் எத்தனையோ இருக்கு. கால நீட்டு, பிடிச்சு விடுறேன்."

அக்கா காலை நீட்டினார்.

நான்காம் நாள் நாத்தனார் ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்தார். அந்த வாசனை வந்து மூக்கில் ஏறியதும் அக்கா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். எத்தனை வருஷமாயிற்று ஒரு வாசனை இப்படி முழுசாக வந்து! தோலைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே இருந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"அண்ணி, என் பொண்ணு எப்ப இவ்வளவு பெரிசா வளந்தா? எனக்கு ஞாபகமே வரல."

கேலி செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. நாத்தனார் கேலி செய்யவில்லை. வருஷ வாரியாக ஆரம்பித்தார். ஏழாம் வகுப்பில் மகள் கீச்சுக் குரலில் மேடையில் ராஜாவாக நடித்தது, ஒட்டு மீசை பாதி வசனத்தில் கழன்று விழுந்தது, அவள் அசராமல் அதைக் குனிந்து எடுத்து, "மந்திரி, இதைப் பத்திரமா வையும்" என்று சொல்லிச் சபையையே சிரிக்க வைத்தது.

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"முன்வரிசைலதான். எல்லாரும் கைதட்டி முடிச்சப்புறம் நீ தட்டினே."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே அழுதார். நாத்தனார் பின்னலைக் கீழே வைத்தார்.

"இன்னொண்ணு சொல்லட்டுமா? எங்கப்பா போனன்னிக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. வந்தவங்கள உக்கார வச்சே, தண்ணி கொடுத்தே, சிரிச்ச மாதிரி நின்னே. தெனம் காலைல உன் காரத் தொடச்சு வச்ச மனுஷன். அன்னிக்கே உன்கூடப் பேச்ச விட்டேன். கல் நெஞ்சுக்காரின்னு பாக்குறவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். அது நீ இல்ல, மாத்திரைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மாமனார் இறந்து அப்போது ஆறு வருஷம். ஈரத் துணியைப் பிழிந்து முன்கண்ணாடியை வட்டம் வட்டமாகத் துடைப்பார். துடைத்து முடித்ததும் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, "போய்ட்டு வா மகளே" என்பார். காரிடம் சொல்கிறாரா மருமகளிடம் சொல்கிறாரா என்று தெரியாது. அந்தச் சத்தம் அக்காவின் காதில் விழுந்தது. ஆறு வருஷம் கழித்து, மூன்றாம் மாடியில், மாமனாருக்காக அக்கா வாய்விட்டு அழுதார். பயந்து ஓடி வந்த நர்ஸை, "ஒண்ணுமில்லம்மா, எங்க வீட்டு விஷயம்" என்று நாத்தனார் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவர் கன்னமும் நனைந்திருந்தது.

மிச்ச நாட்கள் போன விதமே தெரியவில்லை. உடம்பு படுத்தத்தான் செய்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே சலவைக்காரர்கள் வெள்ளை விரிப்புகளை வரிசையாக உலர்த்துவதைப் பார்த்துக்கொண்டே, நாத்தனார் ஒன்பது வருஷத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பேச்சு நின்றுபோன வருஷங்களின் கதைகூட அவரிடம் இருந்தது. "அது எப்படி உங்களுக்குத் தெரியும் அண்ணி?" என்றால், "நீ கூப்பிடலன்னா நான் வரமாட்டேனா? தெருமுனைல நின்னு பாத்துட்டுப் போவேன்" என்றார்.

எட்டாம் நாள் பம்பைக் கழற்றினார்கள். டாக்டர் சொன்னபடியே மாயம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து மாதம் தூக்கம் துண்டு துண்டாக வந்தது, காதில் ரீங்காரம், காரணமில்லாத பயம். வாரந்தோறும் டாக்டரிடம் போனார். மூன்றாம் மாதம் ஒருநாள் கால் தானாக மருந்துக்கடை வாசலுக்குப் போய்விட்டது. அங்கிருந்தே நாத்தனாருக்குப் போன் செய்தார். "அங்கயே நில்லு, நகராதே" என்றவர் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார். ஒன்றுமே கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தார்.

ஒரு வருஷம் கழித்து டாக்டர் சம்மதித்த பிறகுதான் அக்கா மறுபடி வேலைக்குப் போனார். மேற்கொண்டு எட்டு வருஷம் கற்றுக்கொடுத்தார். நாத்தனார் இறந்து இப்போது இரண்டு வருஷமாகிறது. அன்றைக்கு அக்கா நாள் முழுக்க அழுதார். யாரும் தேற்றப் போகவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது மகள் தன் குழந்தையோடு வரும்போதெல்லாம், "அம்மா, அந்த மீசை விழுந்த கதையச் சொல்லு" என்கிறாள். அக்கா சொல்வார். மேடையின் பச்சைத் திரை, முன்வரிசையின் ஆடும் நாற்காலி, மகள் குனிந்தபோது சரிந்த கிரீடம், ஒன்று விடாமல் வரும். இதில் எது தான் பார்த்தது, எது அண்ணி சொன்னது என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. பிரித்துப் பார்க்கும் ஆசையும் இல்லை.