சிவப்பு மையில் ‘நன்று’

சின்னமனூரில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். அன்று பாடத்திலிருந்து சற்று விலகி, பெரிய மனிதர்கள் மேல் அவரவர் காலத்தில் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளைச் சொன்னேன். வாலிபர்களைக் கெடுத்தார் என்று நஞ்சு கொடுக்கப்பட்ட கிரேக்கக் கிழவர். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காகத் தள்ளாத வயதில் மண்டியிட வைக்கப்பட்டவர். நம் பக்கத்திலும் அப்படி உண்டு என்று காட்ட, ஊர் முக்கில் சிலையாக நிற்கும் தலைவரையும் சேர்த்துக்கொண்டேன். ‘சொந்தச் சனத்தைக் காட்டிக்கொடுத்தவர்’ என்று அவரை எதிரிகள் தூற்றினார்கள்; அது பொய் என்று பின்னால் தெரிந்தது. பிள்ளைகள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார்கள். திருத்தும்போது ஒரு மாணவியின் நோட்டில், பக்க ஓரத்தில் சிவப்பு மையில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், தலைமையாசிரியை தன் போனை என்னிடம் நீட்டினார். அந்த நோட்டின் படம். தலைவரின் பெயர், அந்த ஒற்றை வரி, ஓரத்தில் என் ‘நன்று’. மேலிருந்த ‘குற்றச்சாட்டுகள்’ என்ற தலைப்பையும் கீழிருந்த ‘அது பொய்’ என்ற விளக்கத்தையும் யாரோ வெட்டியிருந்தார்கள்.

“ஊரு பூரா சுத்துது. வாசல்ல ஆளுக வந்து நிக்கிறாக.”

பிசைந்த சோற்றை மூடி வைத்தேன்.

உள்ளே வந்தவர்கள் நான்கு பேர். முன்னால் நின்றவர் என்னிடம் படித்தவர். இப்போது வாழைக்காய் லாரி ஓட்டுகிறார். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒரு கணம் தைரியம் வந்தது.

“எங்க தலைவரத் துரோகின்னு எழுதச் சொல்லிருக்கீக, டீச்சர்.”

“நான் சொல்லலப்பா. அவரு மேல மத்தவுக போட்ட பழியத்தான் சொன்னேன். அது பொய்யின்னும் சொன்னேன்.”

“கையெழுத்து ஒங்களதுதான?”

“ஆமா, ஆனா...”

“அப்ப நன்றுன்னு போட்டது நீங்கதான?”

நான் சொல்லும் ஒவ்வொன்றும் அவர் கைக்குப் போனதும் வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர் மெதுவாகக் கேட்டார்: “டீச்சருக்கு வீடு அல்லிநகரத்துல எந்தத் தெரு?”

மன்னிப்புக் கடிதத்தைத் தலைமையாசிரியையே எழுதினார். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். போனில் படம் பிடித்துக்கொண்டே, “கும்பிடுங்க டீச்சர், போதும்” என்றார் என் பழைய மாணவர். கும்பிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரவில்லை. பின்னால் ஒரு பைக் வந்துகொண்டே இருந்தது. இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி, பைக் கடந்து போகும்வரை மருந்துக் கடைக்குள் நின்றேன். ஓட்டியவர் யாரோ, என்னைப் பார்க்கக்கூட இல்லை. வீட்டில் கணவர், “லீவு போட்டுரு” என்றார். போட்டேன். அந்த ஒரு வாரமும் யாராவது கேட்டைத் திறந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

யாரும் வரவில்லை. வேறு யாரோ மாட்டிக்கொண்டார்கள் போலும், ஊர் என்னை மறந்தது.

ஜூன் மாதம் பள்ளி வாசலில் அந்த லாரிக்காரர் நின்றிருந்தார். நான் ரோட்டின் மறுபக்கமே நின்றுகொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“அண்ணன் மகள இங்கன சேத்துருக்கோம் டீச்சர். ஒங்க கிளாஸுலதான் போடணும்னு கேட்டு வாங்குனேன். வரலாறுன்னா நீங்கதான்.”

அவர் முடிப்பதற்குள் சரி என்று தலையாட்டினேன்.

நல்ல பிள்ளை அது. முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதும். அது பேனாவைத் திறந்ததும் நான் பாடப்புத்தகத்தைப் பிரித்து வரிவரியாக வாசிக்கத் தொடங்கிவிடுகிறேன்.