இது கடையே இல்லீங்க

உங்கள் வீட்டு வாசலில் யாராவது நோட்டும் பேனாவுமாக வந்து நின்றால் முதலில் என்ன தோன்றும் உங்களுக்கு? எனக்கும் அதேதான் தோன்றும். ஆனால் போன மாதம் அந்த நோட்டும் பேனாவும் என் கையில் இருந்தன. கணக்கெடுப்பு வேலை என்பது, கதவு சாத்துகிற சத்தத்தை ரொம்பப் பக்கத்திலிருந்து கேட்கிற வேலை. கொசு மருந்துக்கும் ஓட்டர் லிஸ்ட்டுக்கும் கதவு தட்டியவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள்.

விஷயம் இதுதான். பெங்களூர்ப் பக்கம், சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரில் இதுவரை பஜார்க் கடைகள் மட்டும்தான் நகரசபைக்கு லைசன்ஸ் கட்டணம் கட்டின. இனி வீட்டு வாசலில் வியாபாரம் செய்கிறவர்களும் கட்ட வேண்டுமா என்று பேச்சு கிளம்பியது. அதுவும் பெரிய கடைக்கும் போண்டா அடுப்புக்கும் ஒரே கட்டணம். கடைக்காரர்களையே கேட்டுவிடலாம், பெட்டி வைத்து ஓட்டுப் போடட்டும் என்றார்கள். யார் யாருக்கு ஓட்டு என்று தெரிய வேண்டாமா? அதற்குப் பட்டியல் எடுக்க எங்கள் மகளிர் குழுவில் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். பஜார் சரளாவுக்கு. மாரிகுப்பம் லைன் வீடுகள் எனக்கு. தோளில் பை, இடுப்பில் இரண்டு வயது மகள். கிளம்பிவிட்டேன்.

செல்வி அக்கா மிஷின்

செல்வி அக்கா ரவிக்கை தைக்கிறவர். என் ரவிக்கையும் அவரிடம்தான் கிடந்தது. நான் நோட்டோடு உள்ளே போனபோது தையல் மிஷின் மேல் போர்வை மூடி, அதன்மேல் சாமி படம் வைத்து, ஊதுபத்தியும் புகைந்துகொண்டிருந்தது. "தையலா? நானா? இன்னாம்மா சொல்ற, அது சாமி மேடை" என்றார்.

என் மகள் நேராக மேடைக்கு அடியில் புகுந்து பெடலை மிதித்தாள். போர்வைக்குள் கடகடவென்று சக்கரம் சுற்ற, சாமி படம் ஆட, அக்கா பாய்ந்து படத்தைப் பிடித்துக்கொண்டார். நான் ஆணியில் தொங்கிய என் ரவிக்கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "கடைன்னு ஒண்ணும் இங்க இல்ல, எழுதிக்காத. வெள்ளிக்கெழம வா, ரவிக்கை ரெடியா இருக்கும்."

கன்னடப் படிவம்

முனுசாமி தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இப்போது வீட்டு முன்னால் பஞ்சர் ஒட்டுகிறார். அவருடைய பயம் கட்டணம் இல்லை, வீடு. கம்பெனி கட்டிய லைன் வீடு அது. இன்னும் அவர் பேருக்கு வரவில்லை. குடியிருக்கக் கொடுத்த வீட்டில் கடை நடத்துகிறேன் என்று கையெழுத்துப் போட்டால், அதையே காட்டி வெளியே போ என்பார்களாம். நோட்டில் ஒட்டியிருந்த நகரசபையின் கன்னடப் படிவத்தைக் காட்டி, அப்படி ஒரு வரிகூட இதில் இல்லை தாத்தா என்றேன்.

"எங்க, படி பாக்கலாம்" என்றார். நான் குடியாத்தம் பக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்துதான் கன்னடம் எழுத்துக்கூட்டினேன். இரண்டாவது வரியில் ஒரு நீளமான வார்த்தை வந்து என்னை நிறுத்திவிட்டது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். திரும்ப அங்கேயே நின்றேன். தாத்தா டியூபைத் தண்ணீரில் முக்கியபடி சொன்னார்: "சுரங்கத்துக்குள்ள எறக்கற கேஜ்ல ஏறுறவன் கயித்தப் பாத்துட்டுத்தான் கால வெப்பான். நீ படிக்கறதுக்குள்ள கயிறே அந்துடும் போல கீது. நல்லா படிக்கிற ஆள இட்டுக்கினு வாம்மா."

சரளாவின் மூன்றாவது நோட்டு

நகரசபை வராந்தாவில் சரளா மூன்றாவது நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். என் நோட்டில் ஏழே பெயர். பஜார்க்காரர்கள் அவளைத் தேடிவந்து டீ வாங்கிக் கொடுத்து எழுதச் சொன்னார்களாம். நாங்கள் மட்டும் கட்டுகிறோமே, அவர்களும் கட்டட்டும் என்பது அவர்கள் பக்கம். அதுவும் நியாயம்தானே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டியலில் பேர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை. கட்டணத்துக்குப் பயந்து கடையை ஒளித்த எங்கள் தெரு, வேண்டாம் என்று சொல்லும் ஓட்டையும் சேர்த்து ஒளித்துவிட்டது. நாளை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடுகிறார்கள். கடை இல்லை என்று எழுதிக்கொடுத்தால் தப்பிக்கலாமா சார் என்று அங்கிருந்த ஆபீசரைக் கேட்டேன். "பட்டியலுக்கு நீங்க ஒளிஞ்சுக்கலாம்மா. லைசன்ஸ் கேட்டு வர்றவனுக்கு போண்டா வாசனை தெரியாதா?"

எங்கள் வீட்டு அடுப்பு

போண்டா என்றதும் குறுகிப்போனேன். பெங்களூர் ரயிலில் இறங்கி வருகிறவர்களுக்கு என் மாமியார் சாயங்காலம் போடுகிற போண்டாதான் எங்கள் வீட்டின் பாதிச் சோறு. ஊரையெல்லாம் கேட்ட நான், அவரைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். அன்றைக்கு என் பையைப் பார்த்ததும் அத்தை எரிகிற அடுப்பை உள்ளே நகர்த்தப் போனார். "மருமவ நீயே என்னக் காட்டிக் குடுப்பியா?"

"அத்தே, பஜார் ஸ்வீட் கடைக்காரருக்கு ஓட்டு இருக்கு."

அத்தை ஜல்லிக்கரண்டியோடு நிமிர்ந்தார். "அவனுக்கு கீதா?"

"இருக்கு."

"எனக்கு?"

"எழுதலன்னா இல்ல."

அடுப்பை அணைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நோட்டை வாங்கிக் கோணல்மாணலாகத் தன் பேரைப் போட்டார். அப்புறம் தெரு நடுவில் நின்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், நான் ஒரு மாதம் தட்டித் திறக்காத கதவெல்லாம் திறந்தது. செல்வி அக்கா சாமி படத்தை எடுத்துவிட்டு மிஷின் மேலேயே நோட்டை வைத்துக் கையெழுத்திட்டார். முனுசாமி தாத்தா கன்னடம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து, எல்லா வரியையும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் போட்டார். அவர் கேட்டுக்கொண்டபடி அவர் பேருக்கு எதிரிலேயே 'வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று ஓரத்தில் எழுதினேன்.

மறுநாள் நோட்டோடு கிளம்பினேன். ஓட்டு அடுத்த வாரம். ஜெயிப்போமா தெரியாது, ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகும் சந்தேகத்தை விடாத ஒரே தெரு எங்கள் தெருவாகத்தான் இருக்கும். வாசலில் அத்தை என் பையைப் பிடித்து நிறுத்தினார்.

"உங்க மாமா சுரங்கத்துல ஷிஃப்டுக்குப் போனா பித்தளை டோக்கன குடுத்துட்டுத்தான் கீழ எறங்குவாரு. மேல வந்ததும் மொத வேலையா திருப்பி வாங்கிக்குவாரு. வாங்கலன்னா ஆள் உள்ளயே மாட்டிக்கிச்சின்னு அர்த்தம். ஓட்டு முடிஞ்சதும் எம்பேர மறக்காம திருப்பி வாங்கிக்கினு வந்துடும்மா."