பூசையில் வைத்த இரும்பு

அப்பாவின் மண்டை இடப்பக்கம் உடைந்திருந்தது. விலா எலும்புகள் உள்ளே போயிருந்தன. ஒரு முழம் தள்ளி, சந்தனம் பூசிய இரும்புக் கைப்பிடி கிடந்தது. பஸ்ஸின் முன்னால் செருகி எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் கைப்பிடி. ஒரு வீச்சில் ஆளைச் சாய்க்கும் கனம். அவர் அதைத் தொடவில்லை. அன்று ஆயுத பூசை.

அவர் பெயர் ராசப்பன். மேட்டுக்காட்டை விற்று 1931-ல் பஸ் வாங்கினார். திருச்செங்கோடு–சேலம் தடத்தில் அதே நேரத்துக்குத் தங்கமுத்துவின் பஸ்ஸும் ஓடியது. முந்துகிற வண்டியில்தான் ஆள் ஏறும். பிந்துகிற வண்டிக்காரர்கள் கல்லெடுப்பார்கள். சங்ககிரியில் அப்பாவின் முன்பற்கள் போயின. பிறகு தோளில் சங்கிலி அடி. அவரும் சும்மா இருந்தவர் அல்ல. தங்கமுத்துவின் டிரைவர் ஒருவனின் முழங்காலை உடைத்தவர்.

நான் சென்னையில் எஞ்சினீயரிங் படித்தேன். சொந்தத் தொழில் வேண்டாம் என்றுதான் வகுப்பில் எல்லாரும் சொன்னோம். மற்றவர்களுக்குக் கையில் முதல் இல்லை. எனக்குக் காரணம், ஒவ்வொரு விடுமுறையிலும் அப்பாவின் உடம்பில் பார்த்த புதுத் தழும்பு. படிப்பை முடித்து ஊருக்கு வந்து, சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டேன். அப்பாவுக்கும் சந்தோஷம்.

"ஆபீசுல உக்காந்தா உன்னய ஆரு சாமி அடிக்கப் போறாங்க? மிஞ்சிப் போனா கொசுவு கடிக்கும்."

1942-ல் பெட்ரோல் கிடைக்கவில்லை. பஸ்ஸின் பின்னால் அடுப்பு கட்டி, கரி எரிந்து வரும் வாயுவில் ஓட்டினோம். ஆயுத பூசைக்கு அடுப்பை அணைத்து, ஸ்பானர், ஜாக்கி, கைப்பிடி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் பூசி வைத்தோம். பூசையில் வைத்த இரும்பை மறுநாள் வரை எடுப்பதில்லை.

தங்கமுத்து நாலு ஆட்களோடு கொட்டகைக்குள் வந்தான். அவர்கள் கையில் வேலந்தடி. மரம் பூசைக்கு வராது.

"ஏன்டா ராசப்பா, சந்தனமெல்லாம் மணக்குது. எடுத்து அடி பாக்கலாம்."

"எடுக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான வந்திருக்கிற. நாளைக்கு வாடா," என்றார் அப்பா.

"நாளைக்கு நீ இருக்கோணுமே."

இருவர் என்னைப் பிடித்து, வலக்கையை மட்கார்டின் மேல் வைத்து அடித்தார்கள். முன்கை எலும்புகள் இரண்டும் முறிந்தன. அப்பா வெறுங்கையால் ஒருவனின் குரல்வளையைப் பிடித்தார். பின்னாலிருந்து மண்டையில் அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள்.

"எளவு ஊட்டுல பதனாறு நாளைக்கு வண்டி எடுக்க மாட்டாங்க," என்றான் தங்கமுத்து. "அதுக்குள்ள ரூட்டு என்ரது. எஞ்சினீயருத் தம்பி ஆபீசுக்குப் போயிரும்."

அவன் கணக்கு சரி. வண்டி அத்தனை நாள் நின்றால் எங்கள் பர்மிட்டுக்கு அவன் மனுப் போடலாம்.

போலீஸ் அவனைத் தேடியது. அவன் பஸ் நிற்கவில்லை. அப்பாவை எரித்த மறுநாள் காலை அவன் தம்பி அதை நிறைய ஆளோடு ஓட்டி வந்து, எங்கள் வாசலில் ஹார்ன் அடித்துவிட்டுப் போனான்.

நான் போய்க் கைப்பிடியை எடுத்தேன். சந்தனம் உதிர்ந்தது.

மாமா சின்னுசாமி மறித்தார். "தீட்டு, மாப்ள. ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டுங்க, மாமா."

எங்கள் டிரைவர் ஆண்டி பஸ்ஸுக்குள் ஏறிக் காற்று வால்வைப் பிடித்தார். அடுப்பின் விசிறியைச் சுற்ற ஆள் வேண்டும். அம்மா வந்து சுற்றினாள்.

"இந்தக் கருமத்த நெதமும் எப்படித்தான் சுத்துனாங்களோ," என்றாள்.

இடக்கையால் கைப்பிடியைச் சுழற்றினேன். எதிர்த்து உதைத்தது. முறிந்த கையில் வலி தெறித்தது. மறுபடி சுழற்றினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சர்க்கார் உத்தரவு பிறகு வந்தது. நான் போகவில்லை. ஆயுத பூசைக்கு ஸ்பானரும் ஜாக்கியும் வைக்கிறோம். கைப்பிடி வண்டியிலேயே இருக்கும்.