லாரிக்குக் குளிர்காலம்

போன வாரம் எங்கள் வீட்டில் கல்யாணம். மறுநாள் காலை, மறுவீட்டுக்குப் புறப்படுகிற அவசரத்தில் பெண்ணின் அப்பாவைக் காணோம். எங்கே போனார்?

லாரியின் கேபினுக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு, தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் என் அத்தான் சண்முகையா. சங்கரன்கோவிலில் சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டுகிறவர். புளியங்குடி எலுமிச்சை ஏற்றும் அந்த லாரியில் அன்றைக்கு மகளின் சீர்... கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், பாத்திரங்கள். புனலூர் போகவேண்டும். வழியில் மலை ஏற்றம்.

"மாப்ள, இங்கன வா. காத்து போற பைப்புல இருக்கு பாரு, இதுதான் சென்சார். உள்ள போற காத்து சூடா, குளிரான்னு எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இந்தக் குட்டிப் பீஸை சென்சாருக்கும் வயருக்கும் நடுவுல மாட்டிட்டா எப்பவும் குளிருன்னே சொல்லும். குளிர்ந்த காத்துன்னா கூட டீசல் விடும். பிக்கப் பிச்சிக்கிடும்."

"யாரு சொன்னா அத்தான்?"

"வீடியோல பாத்தேன். சம்மந்தி ரெண்டு டிப்பர் வச்சிருக்காரு. அவரு முன்னால நம்ம வண்டி மலையில மூச்சு வாங்கலாமா?"

பின்னால் நின்ற கோமதி அக்கா கேட்டாள். "இந்த வெயில்ல குளிருதுன்னு பொய் சொல்லச் சொல்லுதியளே... அது விளங்குமா?"

அத்தான் பீஸை அழுத்தி மாட்டினார். பொண்டாட்டி கேட்கிற சரியான கேள்விக்கு என்றைக்குப் பதில் இருந்திருக்கிறது?

மணமக்கள் காரில் முன்னாலேயே போய்விட்டார்கள். லாரியில் அத்தானும் நானும். பின்னால் வேனில் அக்கா, சொந்தக்காரர்கள், சம்பந்தி, சம்பந்தியம்மா. ஏ.சி. காற்று சம்பந்தியம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாதாம். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. சம்பந்தி முன்சீட்டில் — வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

செங்கோட்டை வரை சமதளம். "பிக்கப்பைப் பாத்தியா?" என்று அத்தான் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.

புளியரை தாண்டி ஏற்றம் தொடங்கியது. அத்தான் மிதித்தார். லாரி உறுமியது. கண்ணாடியில் பார்த்தேன்.

"அத்தான், வேனைக் காணோம்."

"நம்ம வேகத்துக்கு ஈடு குடுக்க முடியல. பாவம்."

வேன் எங்கேயும் போகவில்லை. எங்கள் புகைக்குள்தான் இருந்தது. சூடான காற்று லேசானது. அதை அடர்த்தியான குளிர்காற்று என்று நம்பிய எஞ்சின், டீசலை அள்ளி விட்டிருக்கிறது. எரியக் காற்று போதாமல் அத்தனையும் கரும்புகை! எஞ்சினை ஏமாற்றலாம். ஏற்றத்தை ஏமாற்ற முடியுமா?

கொண்டை ஊசி வளைவில், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்து பவரைக் குறைத்துவிட்டது. லாரி நடந்தது. பிறகு நின்றது.

வேனிலிருந்து சம்பந்தி இறங்கினார். வேட்டி, சட்டை, நெற்றிச் சந்தனம் எல்லாம் ஒரே நிறம். கண் மட்டும் வெள்ளை. அத்தான் அவசரமாகக் குதித்து இறங்கினார். மகள் வாழப்போகும் வீட்டில் முதல் நாளே இப்படியா?

சம்பந்தி நேராகப் போய்க் கேபினுக்குப் பின்னால் குனிந்தார். அந்தக் குட்டிப் பீஸைப் பிடுங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது... அந்த வீடியோக்காரன் விக்கிறதுதான?"

"ஆமா, சம்மந்தி."

சம்பந்தி வேன் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் போட்டேன். டிப்பருக்கு."

வேனுக்குள்ளிருந்து சம்பந்தியம்மா சொன்னார். "ஒண்ணுக்கா போட்டிய? ரெண்டுக்கும்லா!"

முதலில் சிரித்தது அக்காதான். பிறகு அந்த வளைவே சிரித்தது.

வயரைப் பழையபடி மாட்டி, சற்று நேரம் அணைத்துப் போட்டு, மறுபடி கிளப்பினோம். லாரி வழக்கம்போல முனகிக்கொண்டே ஏறியது. சம்பந்திகள் இருவரும் ஒன்றாகக் கேபினில் உட்கார்ந்து அந்த வீடியோக்காரனைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். என்னை வேனுக்குத் துரத்திவிட்டார்கள்.

நல்ல நேரம் முடிவதற்குள் போகவேண்டுமே... முகம் கழுவக்கூட யாரும் நிற்கவில்லை.

புனலூரில் புது மாப்பிள்ளை வாசலுக்கு ஓடிவந்தார். லாரியிலிருந்து முதலில் இறங்கியவரிடம் பணிவாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, பீரோவைப் பாத்து இறக்குங்க. எங்க அப்பா வேன்லயா வாராங்க?"

கேட்டது அப்பாவிடமே.