பம்பளிமாஸில் ஒரு முக்கோணம்

பம்பளிமாஸின் காம்பிலிருந்து இரண்டு கோடுகள் இறங்கின. பழத்தின் நடுவைச் சுற்றி ஓடிய மூன்றாவது கோடு அவற்றைச் சேர்த்தது. பேனா மையால் வரைந்து முடித்த என் பள்ளித் தோழி, ஒவ்வொரு மூலையிலும் காகிதத்தின் முனையைப் பொருத்திப் பார்த்தாள். "மூணுமே செங்கோணம்லா. சார் பார்த்தா பிரம்பை எடுப்பார்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அவள் மலாக்காவின் காஜா பெராங் கிராமத்துச் செட்டி வீட்டுப் பெண்; பல தலைமுறைக்கு முன் அங்கே குடியேறிய தமிழ் வணிகர் வழி வந்தவர்கள். வீட்டில் மலாய்தான், தமிழை என்னோடு பேசிப் பழகிக்கொண்டாள். பரீட்சை எழுதி, சிங்கப்பூர் போய்க் கணிதம் படிக்க வேண்டும் என்பதே அவள் ஆசை. நானோ எஸ்டேட்டிலிருந்து டவுனுக்கு வந்த குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். நூலகத்தில் படித்ததை அவளிடம் அளப்பதில் எனக்குத் தனிப் பெருமை. இணைகோடுகளைப் பற்றிய பழைய விதி பொருந்தாத இன்னொரு வடிவியல் உண்டு என்று ஜெர்மனியின் பெரிய பேராசிரியர் ஒருவர் கண்டும், ஊர் கத்துமே என்று அஞ்சி வெளியிடவில்லை என்றேன். "கோழை. நானா இருந்தா வீடு வீடாப் போய்ச் சொல்லியிருப்பேன்" என்றாள். அந்தப் பேராசிரியருடைய கூச்ச சுபாவமுள்ள மாணவர்தான், அந்த முதியவர் முன்னிலையிலேயே, வளைந்த வெளிகளின் வடிவியலைப் பற்றிப் பேசினார் என்றேன். அந்த மாணவர் நாற்பதுக்குள் காசநோயில் இறந்ததை நான் சொல்லவில்லை. நான் கொண்டுவந்திருந்த நூலகப் புத்தகத்தின் பக்கத்தை அவளே புரட்டிப் படித்தாள். "பேசி முடிச்சிட்டுத்தானே செத்தார்" என்றாள்.

அந்தப் பழம் பார்ச்சுக்கு வாங்கியது. இறந்தவர்களுக்கு உணவும் பழமும் வாழையிலையில் படைக்கும் நாள் அது. நான் மாக்சிக் என்று அழைக்கும் அவள் அம்மா பார்த்துவிட்டார். "எழுதின பழத்தையா முன்னோருக்கு வைக்கிறது? அவங்க என்ன பள்ளிக்கூடமா போறாங்க?" என்று மலாயில் திட்டிவிட்டு, வேறு பழம் வாங்கக் கிளம்பினார். மை பூசியதை நாங்கள் உரித்துத் தின்றோம்.

நாடு விடுதலை பெற்று, மெர்டேக்கா முழக்கம் கேட்டபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பரீட்சையன்று அவள் நாற்காலி காலியாகக் கிடந்தது. முடிவுகள் வருமுன் போய்விட்டாள்.

இப்போது நான் பெண்பிள்ளைகளுக்கு வடிவியல் கற்பிக்கிறேன். கரும்பலகையில் முக்கோணம் போடும்போதெல்லாம், மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்று சொல்லிவிட்டு, 'தட்டையான பலகையில்' என்று சேர்த்துக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு பார்ச்சுக்கு மாக்சிக் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இலை போட்டாயிற்று. ஒரு பம்பளிமாஸை என்னிடம் நீட்டி, "பேனா வெச்சிருக்கியா?" என்றார். எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்குப் போட்டீங்களே, அதைப் போடு. இப்ப அங்கே பள்ளிக்கூடம் போன ஒருத்தி இருக்காளே."

காம்பிலிருந்து இரண்டு கோடுகள் இறக்கினேன். பழத்தின் நடுவைச் சுற்றி மூன்றாவதைச் சேர்த்தேன். மை காயும்வரை மாக்சிக் பழத்தை இலையில் வைக்காமல் கையிலேயே ஏந்தியிருந்தார்.