சன்னலைச் சாத்திய சனிக்கிழமை

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. சேலம் டவுனில் ரேடியோ தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. கம்பெனி என்று பெயர்தானே தவிர, ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை, பத்துப் பெண்கள், ஒரு போர்மேன், அவ்வளவுதான். ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்ததும் அந்த இடத்தில் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு திரவத்தில் துணியை நனைத்து அதைத் துடைப்போம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், வாசனை தித்திப்பாக இருக்கும். நீளமான பெயர் வாயில் நுழையாததால் நாங்கள் சி.டி.சி. என்போம்.

போர்மேன் சங்ககிரிப் பக்கத்துக்காரர், சரியான சிடுமூஞ்சி. சி.டி.சி. டப்பாவை மட்டும் பூட்டி வைப்பார். மழையே அடித்தாலும் சன்னலைச் சாத்த விடமாட்டார். கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார், ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பார். ஏன் என்று கேட்டால், "சொன்னதைச் செய்யுங்க அம்மிணி" என்பதோடு சரி. மனுஷன் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொள்வோம்.

அப்போது என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாதா கோயிலில் முதல் ஓலையும் வாசித்துவிட்டார்கள். கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிப்பதை எங்களில் ஓலை என்போம். அந்த வாரம் பார்த்துக் கல்யாணப் பட்டில் தேங்காய் எண்ணெய் கொட்டிவிட்டது. தண்ணீர் பட்டால் பட்டு போச்சு. பிசுக்கை எடுக்கும் சி.டி.சி. எண்ணெய்க் கறையையும் எடுக்கும் என்று கம்பெனியில் எங்களுக்கெல்லாம் தெரியும். சனிக்கிழமை டப்பாவைப் பூட்டாமல் போர்மேன் அசந்த நேரம் ஒரு டானிக் பாட்டில் நிறைய ஊற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்களே, வழியில் பார்த்தவர்கள் எல்லாம் எனக்குப் போர்மேனாகவே தெரிந்தார்கள்.

அந்த வாசனை தெருவுக்குப் போனால் அக்கம்பக்கத்தில் இருக்கும் கம்பெனிப் பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் கறையைத் துடைக்க உள் அறையில் தங்கையை உட்கார வைத்து, சன்னலையும் கதவையும் சாத்தினேன். "யாருகிட்டயும் சொல்லக் கூடாது, மாதா மேல சத்தியம் பண்ணு" என்றேன். சிரித்துக்கொண்டே பண்ணினாள். அம்மா வராமல் இருக்க நான் வெளியே காவல் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துச் சேலையோடு வந்தாள். கறை போன இடம் தெரியவில்லை. "அக்கா, தலை சுத்துது" என்றவள் வாசலுக்குப் போவதற்குள் வாந்தி எடுத்தாள்.

"பித்தமா இருக்கும் சாமி" என்று அம்மா இஞ்சிச் சாறு கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை வாசித்தபோது அவள் வீட்டில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். திங்கட்கிழமை காலையில் கண் மஞ்சளாகிவிட்டது, முகம் வீங்கியிருந்தது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"மருந்து, மாத்திரை ஏதாவது சாப்பிட்டியாம்மா? ஏதாவது நெடி பட்டுச்சா?" என்று டாக்டர் கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். வீட்டில் மாதச் சம்பளம் வாங்கியவள் நான் ஒருத்திதான். திருட்டுப் பட்டத்தோடு வேலை போனால் கல்யாணமும் நின்றுபோகும். சொல்லாதே என்று நான் லேசாகத் தலையசைத்தேன். "ஒண்ணுமில்லைங்க" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் அம்மா என் காதருகே வந்து, "காலையிலிருந்து அவளுக்கு ஒண்ணுக்கே வரலை சாமி, டாக்டரு முகமே சரியில்லை" என்றார். செருப்புகூடப் போடாமல் கம்பெனிக்கு ஓடினேன்.

சி.டி.சி.யால் தங்கை ஆஸ்பத்திரியில் கிடப்பதைச் சொன்னதும் போர்மேன் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். "ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களா?" என்றார். "ஆமாங்க." "சன்னலு?" "சாத்திட்டேனுங்க." அவர் முகம் வெளிறியதைப் பார்த்து என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. டப்பாவை எடுத்துச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார், நான் பின்னாலேயே ஓடினேன்.

டாக்டர் டப்பாவில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்த விஷம் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். காலையிலேயே சொல்றதுக்கென்ன? இனிமே பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றார். தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். தங்கை உதடு காய்ந்து, "ஒரு மடக்கு, அக்கா" என்று கெஞ்சுவாள். கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். கண்ணை மூடினால் மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன்.

போர்மேன் தினமும் வந்து வராந்தாவில் நிற்பார். ஒருநாள், "காரணம் எனக்கே தெரியாதுங்க அம்மிணி. டப்பாவுல இங்கிலீசுல போட்டிருந்ததைப் படிச்சவங்ககிட்டக் கேட்டுத்தான் உங்களுக்குச் சொன்னேன். ஏன்னும் சேர்த்துக் கேட்டிருக்கோணும்" என்றார். அதன்பிறகு அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நர்ஸம்மா பாத்திரத்தோடு வந்து, "கொஞ்சம் போயிருக்கா" என்றார். மூத்திரத்தைப் பார்த்துக் கும்பிட்டவர்கள் உலகத்தில் நானும் அம்மாவும் மட்டுமாகத்தான் இருப்போம். தேறி வரப் பல வாரங்கள் ஆயின. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், காத்திருந்தார்கள். என் வேலையும் போகவில்லை. புதிதாக வருகிற பெண்களுக்கு சி.டி.சி. என்ன செய்யும் என்று சொல்லும் பொறுப்பைப் போர்மேன் என்னிடமே கொடுத்துவிட்டார்.

தங்கை இன்று பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கிறாள், அன்று நான் தலையசைத்ததைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் என் வேலைக்காக அவள் உயிரையே விடத் துணிந்தாள் என்பதையும், அவள் உயிருக்காக அந்த வேலையை விடத் துணிய எனக்கு ஒரு முழுப் பகல் தேவைப்பட்டது என்பதையும் நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.